பதினொரு மாதத் தோட்டம்

டிசம்பர் போதும் என்றார் பூபாலன்.
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து தம்பி குடும்பம் வரும்,
டர்பனிலிருந்து மச்சினிகள்.
பிராய் அடுப்பில் சாப்ஸ் வாட்டும் புகைக்கு நடுவே
எல்லாரும் அண்ணாந்து பார்க்கும்படி
பெரிதாக, சிவப்பாக,
ஒரே மூச்சில் ஏதாவது பூத்தால் சரி.

அவர்கள் நான்கு நாள் இருப்பார்கள்.
நான் வருஷம் முழுக்க இருக்கிறேன்.

நார்த்டேல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
இரவெல்லாம் கறுப்பு வெள்ளையில்
பிறத்தியார் விலாவை எண்ணிவிட்டு
காலை ஆறே முக்காலுக்கு
சமையலறை ஜன்னலில் நிற்பேன்,
கெட்டில் கொதிக்கும் வரை.
அந்த மூன்று நிமிஷத்துக்குத்தான்
எனக்குத் தோட்டம் வேண்டும்.

கரண்ட் பில் வந்த உறையின் பின்பக்கம்
பன்னிரண்டு கட்டம் போட்டேன்.
கோயில் காலண்டர் சித்திரையை வசந்தம் என்கிறது;
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அன்றைக்குத்தான்
கம்பளியை வெயிலில் போடுகிறோம்.
தை கொதிக்கும்.
ஆடியில் இங்கே அம்மி பறப்பதில்லை,
இரவில் மறந்துபோன சட்டை
கொடியில் கைவிரித்து விறைத்து நிற்கும்.
மாதங்களைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
மரம் வாங்கப் போனேன்.

முதலில் கேட்டது ஜக்கராண்டா.
நர்சரிக்கார சிபூசிசோ தலையாட்டினார்.
"சட்டம் விடாது அம்மா. கடல் தாண்டி வந்த மரம்.
இருப்பது இருக்கலாம், புதிதாக நடக்கூடாது."
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
இருவரும் மரத்தை விட்டுவிட்டு
வேறெதற்கோ சிரித்தோம்.

உம்சின்சி என்று அவர் காட்டிய கன்றில்
முள்ளைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது,
கல்யாண முருங்கைக்குப் பங்காளி.
இலையை எல்லாம் உதறிவிட்டு
குளிர் போகாத ஆடிக் கடைசியில்
வெறுங்கிளையில் மிளகாய்ச் சிவப்பு.
ஆடி, ஆவணி என்று எழுதி
உடனே பணத்தைக் கொடுத்தேன்.

அமத்துங்குலு நம் களாக்காய் வீட்டுப் பெண்.
அதே முள், கிள்ளினால் அதே பால்.
வெள்ளைப் பூவும் சிவந்த பழமும் ஒரே கிளையில்;
அவளுக்கு மாதக் கணக்கு கிடையாது.
வேலியோரம் ஆறு.
தைக்கும் மாசிக்கும் நீலச் சித்திரமூலம்,
கொளுத்தும் மதிலில்
யாரோ தண்ணீர் வாரி இறைத்தமாதிரி.
ஆனிக்கு ஆளுயரக் கற்றாழை;
தேன்சிட்டு வரும் என்று சிபூசிசோ சத்தியம் செய்தார்,
ரசீதில் அதை எழுதித் தரவில்லை.

வீட்டில் சமாதானம் வேண்டுமே,
விருந்தாளிகளுக்கும் ஒரு செம்மந்தாரை.
கேட் பக்கம்.

ஐப்பசிக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
பக்கத்து வீட்டு ரெஜினால்டின் கிழட்டு ஜக்கராண்டா
மதில் தாண்டி எங்கள் கராஜ் கூரைமேல்
ஊதாவாகக் கொட்டும்.
நடக்கூடாது என்றுதான் சட்டம்.
உதிரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

வைகாசிக்கு ஒன்றும் அகப்படவில்லை.
கையில் காசும் இல்லை.

முதல் குளிர் முன்கூட்டியே வந்தது.
சித்திரமூலம் ஒரே ராத்திரியில்
வெந்த கீரையாய்க் கறுத்தது.
மந்தாரை இலை சுருண்டது.
அன்று ஒரு சின்னப் பையனின் முழங்கையை
நான்கு முறை படமெடுத்த அலுப்போடு
வந்து ஜன்னலில் நின்றேன்.

புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல் வெள்ளை.
நடுவில் உம்சின்சிக் கன்று
பூபாலனின் பழைய பச்சை ஜெர்சியைப் போட்டுக்கொண்டு
குச்சி மாதிரி நின்றது,
கைகள் இரண்டும் முன்னால் முடிச்சிட்டு,
கழுத்துப் பட்டன்வரை பூட்டி.

உள்ளே அவர் குறட்டை.
செருப்பில் ஈர மண்.

கெட்டில் கொதித்து அணைந்தது கூடத் தெரியாமல்
உறையைத் தேடி எடுத்தேன்.
வைகாசி: பச்சை ஜெர்சி.
இடது முழங்கையில் ஓட்டை.